முகப்புக் கூடத்தில் அமர்ந்தவர்கள்: பிபிசியும் காஸா நிதி வேண்டுகோளும், 2009

2009 ஜனவரி இறுதியில் பிரிட்டனின் பொது ஒலிபரப்பு நிறுவனமான பிபிசியின் கட்டடங்களுக்குள் சிலர் சென்று தரையில் அமர்ந்தனர். கிளாஸ்கோவில் பிபிசி ஸ்காட்லாந்தின் தலைமையகத்திலும், லண்டனில் பிராட்காஸ்டிங் ஹவுஸ் கட்டடத்திலும் முகப்புக் கூடங்கள் இவ்வாறு நிரப்பப்பட்டன. ஊதிய உயர்வோ, ஏதேனும் ஒரு நிகழ்ச்சியை நிறுத்தவேண்டும் என்பதோ அவர்களது கோரிக்கை அன்று. ஒரு நிகழ்ச்சியை ஒளிபரப்பவேண்டும் என்றே அவர்கள் கேட்டனர். அதுவும் சில நிமிடங்களே நீளும் ஒரு நிதி வேண்டுகோள். ஊடக வரலாற்றில் தணிக்கைக்கு எதிரான போராட்டங்கள் ஏராளம். ஓர் அறக்கொடை அறிவிப்பை ஒளிபரப்பக் கோரி மக்கள் ஒரு நிறுவனத்துக்குள் அமர்ந்த நிகழ்வுகள் அரிதே. நடுநிலை என்னும் சொல்லின் பொருள் என்ன, அதை வரையறுக்கும் உரிமை யாருக்கு என்னும் கேள்விகள் இங்கு நேருக்கு நேர் மோதின. அவ்வகையில் ஊடகவியல், சமூக இயக்க ஆய்வு ஆகிய இரு துறை மாணவர்களும் இந்நிகழ்வைக் கருத்தூன்றிப் பயில்வது பயன் தரும்.

1. பின்புலம்

2008 டிசம்பர் 27 அன்று இஸ்ரேல் காஸா மீது தாக்குதலைத் தொடங்கியது. 2009 ஜனவரி 18 அன்று போர்நிறுத்தம் ஏற்படும்வரை அது நீடித்தது. பாலஸ்தீனர் தரப்பில் ஏறத்தாழ 1,400 பேரும் இஸ்ரேல் தரப்பில் 13 பேரும் உயிரிழந்தனர். ஏறக்குறைய 15 லட்சம் மக்கள் வாழ்ந்த, ஏற்கெனவே முற்றுகையில் இருந்த அச்சிறு நிலப்பகுதியில் வீடுகளும் மருத்துவமனைகளும் குடிநீர் அமைப்புகளும் சிதைந்தன. ஜனவரி 15 அன்று காஸா நகரிலிருந்த ஐ.நா. பாலஸ்தீன அகதிகள் முகமையின் வளாகம் தாக்கப்பட்டு, அங்குச் சேமித்து வைக்கப்பட்டிருந்த நிவாரணப் பொருட்கள் தீக்கிரையாயின.

பிரிட்டனில் இத்தகைய நேரங்களில் பொதுமக்களிடம் நிதி திரட்டுவதற்கென ஒரு நிலையான ஏற்பாடு உண்டு. 1963இல் நிறுவப்பட்ட பேரிடர் அவசரகாலக் குழு (சுருக்கமாக டிஇசி) என்னும் கூட்டமைப்பே அது. செஞ்சிலுவைச் சங்கம், ஆக்ஸ்ஃபாம், சேவ் தி சில்ட்ரன், கிறிஸ்டியன் எய்ட், இஸ்லாமிக் ரிலீஃப் உள்ளிட்ட 13 நிறுவனங்கள் 2009இல் அதன் உறுப்பினர்களாக இருந்தன. பேரிடர் நேரும்போது இந்நிறுவனங்கள் தனித்தனியே போட்டியிடாமல் ஒரே வேண்டுகோளை விடுக்கும். தொலைக்காட்சி, வானொலி நிறுவனங்கள் அதற்குக் கட்டணமின்றி நேரம் ஒதுக்கும். வங்கிகளும் அஞ்சலகங்களும் பணத்தைப் பெற்றுச் சேர்க்கும். தேவை பெரிதும் அவசரமுமாக இருக்கிறதா, உறுப்பு நிறுவனங்களால் உதவியைக் கொண்டு சேர்க்க இயலுமா, பொதுமக்களின் ஆதரவு கிட்டுமா என்னும் மூன்று அளவுகோல்களின்படி முடிவு எடுக்கப்படும். ஒலிபரப்பு நிறுவனங்கள் ஒருமித்து இசைவதே வழக்கம். அந்த ஒருமிப்பின் அச்சாணியாக இருந்தது பிபிசி.

2. மறுப்பும் அதன் காரணங்களும்

2009 ஜனவரி 22 அன்று காஸாவுக்கான வேண்டுகோளை டிஇசி முன்வைத்தபோது பிபிசி அதை ஒளிபரப்ப மறுத்தது. அப்போதைய தலைமை இயக்குநர் மார்க் தாம்ப்சன் இரு காரணங்களைக் கூறினார். நிலையற்ற சூழலில் உதவி உரியவரைச் சென்றடையுமா என்னும் ஐயம் ஒன்று. இன்னும் முடிவுறாத, கடும் சர்ச்சைக்குரிய ஒரு செய்தியில் துயரக் காட்சிகளை மட்டும் தனியே எடுத்துக்காட்டும் வேண்டுகோள், பிபிசியின் நடுநிலை மீது மக்கள் கொண்டுள்ள நம்பிக்கையைக் குலைக்கக்கூடும் என்பது மற்றொன்று.

முதற் காரணம் விரைவிலேயே வலுவிழந்தது. நிவாரண நிறுவனங்கள் தாங்கள் ஏற்கெனவே காஸாவில் பணியாற்றிவருவதைச் சுட்டிக்காட்டின. பன்னாட்டு வளர்ச்சித் துறை அமைச்சர் டக்ளஸ் அலெக்சாண்டர் ஒலிபரப்பு நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதி, முடிவை மறுபரிசீலனை செய்யக் கேட்டுக்கொண்டார். எஞ்சியது நடுநிலை என்னும் இரண்டாவது காரணமே.

ஐடிவி, சேனல் 4, ஃபைவ் ஆகியவை வேண்டுகோளை ஒளிபரப்ப முடிவு செய்து ஜனவரி 26 அன்று ஒளிபரப்பின. ஸ்கை நியூஸ் பிபிசியின் வழியைப் பின்பற்றி மறுத்தது. ஒளிபரப்பான வேண்டுகோளின் வாசகம், மோதலில் யார் பக்கம் நியாயம் என்னும் கேள்விக்குள் தான் நுழையவில்லை என்று வெளிப்படையாகவே கூறியது. ஆயினும் பிபிசி அசையவில்லை.

3. முன்னுதாரணங்கள் கூறுவது

பிபிசியின் இரு காரணங்களையும் அதன் சொந்த வரலாற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1999இல் கொசோவோ நெருக்கடிக்கான டிஇசி வேண்டுகோளைப் பிபிசி ஒளிபரப்பியது. அப்போது நேட்டோ குண்டுவீச்சு நடந்துகொண்டிருந்தது. பிரிட்டனே அப்போரில் ஒரு தரப்பு. முடிவுறாத, சர்ச்சைக்குரிய செய்தி என்னும் அளவுகோல் அன்று தடையாகவில்லை. 2008 மே மாதம் நர்கிஸ் புயல் பர்மாவைச் சிதைத்தபோது, அந்நாட்டு இராணுவ ஆட்சி வெளிநாட்டு உதவியாளர்களை உள்ளே விட மறுத்துவந்த நாட்களிலேயே வேண்டுகோள் ஒளிபரப்பாயிற்று. உதவி சென்றடையுமா என்னும் ஐயம் காஸாவைவிட அங்கு வலுவாக இருந்தது. எனவே இரு அளவுகோல்களும் 2009இல் புதிதாகக் கண்டெடுக்கப்பட்டவை அல்ல எனினும், அவை பயன்படுத்தப்பட்ட விதம் சீரானதாக இல்லை.

இன்னும் பின்னோக்கிச் சென்றால் 1926 மே மாதப் பொது வேலைநிறுத்தம் நினைவுக்கு வரும். கேன்டர்பரி பேராயர் ராண்டால் டேவிட்சனும் பிற சமயத் தலைவர்களும் இரு தரப்பும் பேச்சுவார்த்தைக்குத் திரும்பவேண்டும் என ஒரு வேண்டுகோளைத் தயாரித்தனர். பிபிசியின் அன்றைய தலைவர் ஜான் ரீத் அதை உடனே ஒலிபரப்ப மறுத்தார். அரசின் விருப்பத்துக்கு மாறாக நடந்தால் நிறுவனத்தின் தன்னாட்சியே பறிபோகும் என்னும் அச்சம் அம்மறுப்பின் பின்னால் இருந்தது. சில நாட்கள் கழித்தே பேராயரின் குரல் வானொலியில் ஒலித்தது. 83 ஆண்டுகளுக்குப் பின் நிலைமை விசித்திரமாகத் திரும்பியது. 1926இல் அரசுக்கு அஞ்சி மறுத்த நிறுவனம், 2009இல் அரசே ஒளிபரப்புமாறு கேட்டும் மறுத்தது. எனவே 2009இன் மறுப்பை அரசுக்குப் பணிந்த செயல் என்று எளிதாக விளக்கிவிட முடியாது. நிறுவனம் தன் நற்பெயரைக் காக்கும் பொருட்டு மௌனத்தைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் என்று அதைப் படிப்பதே பொருத்தம்.

4. தெருவும் முகப்புக் கூடமும்

எதிர்ப்பு பல தளங்களில் எழுந்தது. சில நாட்களிலேயே 10,000க்கும் மேற்பட்ட புகார்கள் பிபிசிக்கு வந்தன. நாடாளுமன்றத்தில் தொழிற்கட்சி உறுப்பினர் ரிச்சர்ட் பர்டன் கொண்டுவந்த முன்மொழிவில் 100க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் கையொப்பமிட்டனர். கேன்டர்பரி பேராயர் ரோவன் வில்லியம்ஸ், யார்க் பேராயர் ஜான் சென்டாமு இருவரும் மறுப்பை விமர்சித்தனர். இது நடுநிலை பற்றிய வழக்கன்று, மனிதநேயம் பற்றியது என்பது சென்டாமுவின் வாதம். பிபிசி பணியாளர்களை உறுப்பினர்களாகக் கொண்ட தொழிற்சங்கங்களும் தலைமை இயக்குநருக்கு எழுதின. நடிகை சமந்தா மார்ட்டன் இனிப் பிபிசியில் பணிபுரியப் போவதில்லை என அறிவித்தார். பன்னாட்டு அணுசக்தி முகமையின் தலைவர் முகமது எல்பரடேய் பிபிசிக்கு அளிக்கவிருந்த நேர்காணலை விலக்கிக்கொண்டார்.

ஜனவரி 24 அன்று பிராட்காஸ்டிங் ஹவுஸ் முன் பெரும் ஆர்ப்பாட்டம் நடந்தது. அன்று மூத்த அரசியல்வாதி டோனி பென் செய்த செயல் தனித்துக் குறிப்பிடத்தக்கது. பிபிசியின் நேரலை நேர்காணலில் தம் கருத்தைக் கேட்டபோது, பணம் அனுப்பவேண்டிய முகவரியை அவர் அப்படியே வாசித்தார். நெறியாளர் குறுக்கிட்டும் நிறுத்தவில்லை. பிபிசி ஒளிபரப்ப மறுத்த வேண்டுகோள் பிபிசியின் அலைவரிசையிலேயே ஒலித்தது. பென் தம் இளமையில் பிபிசியில் பணியாற்றியவர் என்பதும், 1960களில் ஒலிபரப்புக்குப் பொறுப்பான அமைச்சராக இருந்தவர் என்பதும் இச்செயலுக்குக் கூடுதல் அழுத்தம் தந்தன.

இதே நாட்களில்தான் முகப்புக் கூடங்கள் நிரப்பப்பட்டன. இவ்வடிவத்தைப் புரிந்துகொள்ளச் சொற்களைக் கவனிக்கவேண்டும். ஆங்கிலத்தில் இராணுவம் ஒரு நிலத்தைக் கைப்பற்றி வைத்திருப்பதற்கும் போராட்டக்காரர் ஒரு கட்டடத்தில் அமர்வதற்கும் ஒரே சொல்லே வழங்குகிறது. தமிழில் முன்னதை ஆக்கிரமிப்பு என்கிறோம்; பின்னதற்கு உள்ளிருப்புப் போராட்டம் என்னும் வேறு சொல் உண்டு. இவ்வேறுபாடு மொழியளவில் மட்டும் நிற்பதன்று. ஆக்கிரமிப்பவர் இடத்தை உரிமையாக்கிக்கொள்ள முனைகிறார். உள்ளிருப்பவர் தம் உடலைப் பிணையாக வைத்து, அவ்விடத்தின் உரிமையாளரிடம் ஒரு பதிலைக் கோருகிறார்.

உள்ளிருப்பிலும் வகைகள் உள. 1960 பிப்ரவரி 1 அன்று அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோவில் நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளையர்க்கென ஒதுக்கப்பட்ட உணவு மேசையில் அமர்ந்தனர். அவர்களுக்கு மறுக்கப்பட்ட இருக்கையும் அவர்கள் அமர்ந்த இருக்கையும் ஒன்றே. போராட்டமே உரிமையை ஒருகணம் நடைமுறைப்படுத்திக் காட்டியது. பிபிசியில் மறுக்கப்பட்டது ஒளிபரப்பு நேரம். அதில் அமர இயலாது. 1988 மே மாதம், தன்பாலின உறவு பற்றிய பிரிவு 28 என்னும் சட்டத்தை எதிர்த்த பெண்கள் சிலர் பிபிசியின் மாலை ஆறு மணிச் செய்தி அரங்கிற்குள் நேரலையின்போதே நுழைந்தனர். அது ஒளிபரப்பை இடைமறிக்கும் செயல். 2009இன் போராட்டக்காரர் இவ்விரண்டையும் செய்யவில்லை. பொதுமக்கள் வந்துபோகும் முகப்போடு நின்றனர். ஒளிபரப்பில் கைவைக்கவில்லை.

இந்தத் தன்னடக்கமே அப்போராட்டத்தின் வாதம் எனக் கொள்ளலாம். ஒளிபரப்பின் சுதந்திரத்தை மதிக்கிறோம், ஆனால் அச்சுதந்திரம் எடுத்த முடிவுக்கு விளக்கம் வேண்டும் என்பது அதன் பொருள். பிபிசிக்கு அது ஓர் இக்கட்டை உண்டாக்கியது. அமர்ந்தவரை வலிந்து வெளியேற்றினால் அது செய்தி. வெளியேற்றாமல் விட்டால் அதுவும் செய்தி. தன் கட்டடத்துக்குள் நடப்பதைத் தானே அறிவிக்கவேண்டிய நிலைக்கு நிறுவனம் தள்ளப்பட்டது. வேண்டுகோளைச் சில நிமிடங்கள் ஒளிபரப்பியிருந்தால் அது வந்து போயிருக்கும். மறுத்ததால் பல நாட்கள் பிபிசியின் சொந்தச் செய்தியறிக்கைகளிலேயே இடம்பெற்றது.

பிராட்காஸ்டிங் ஹவுஸின் முகப்புக் கூடத்தில் 1930களின் தொடக்கத்தில் பொறிக்கப்பட்ட ஓர் இலத்தீன் கல்வெட்டு உண்டு. அமைதிக்குப் பகையான யாவும் இவ்வில்லத்திலிருந்து விலகுக என்றும், இங்கு விதைக்கப்படும் நல்விதை நல்விளைச்சல் தருக என்றும் வேண்டும் வாசகம் அது. ஒரு கோயிலின் அர்ப்பணிப்பு மொழியில் அமைந்த அக்கல்வெட்டு, பிபிசி தன்னைப் பற்றிக் கொண்டிருந்த உயர்ந்த மதிப்பீட்டைக் காட்டுகிறது. தரையில் அமர்ந்தவர்கள் அந்த மதிப்பீட்டை மறுத்தவர்கள் அல்லர். அதன்படி நடக்குமாறு கேட்டவர்கள்.

5. கட்டணம் செலுத்துவோரின் உரிமை

அப்போது பிரிட்டனில் வண்ணத் தொலைக்காட்சி வைத்திருக்கும் ஒரு குடும்பம் செலுத்திய உரிமக் கட்டணம் 139.50 பவுண்டு. பிபிசி அரச சாசனத்தின்கீழ் இயங்குவது. விளம்பரத்தால் அன்றி இக்கட்டணத்தால் வாழ்வது. ஆகவே அதன் முகப்புக் கூடத்தில் அமர்ந்தோர் அந்நியர் இடத்தில் அத்துமீறியதாகத் தங்களைக் கருதவில்லை. தனியார் நிறுவனமான ஸ்கையும் அதே முடிவையே எடுத்தது. எனினும் எதிர்ப்பின் பெரும்பகுதி பிபிசியை நோக்கியே திரண்டமைக்குக் காரணம் இதுவே. தமக்குச் சொந்தமானது என்று கருதும் நிறுவனத்திடம்தான் மக்கள் கணக்குக் கேட்பார்கள்.

இந்திய வாசகர்க்கு இத்தர்க்கம் புதிதன்று. அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1995இல் வழங்கிய தீர்ப்பு, கேட்போர் மற்றும் பார்ப்போரின் உரிமையை வலியுறுத்தியது. பொதுச்சொத்து என்று ஏற்றபின், அதை யார் சார்பில் யார் பயன்படுத்துவது என்னும் கேள்வி தவிர்க்க இயலாதது. பிரிட்டனில் அக்கேள்வி நீதிமன்றத்தில் அன்றி, முகப்புக் கூடத்தின் தரையில் எழுப்பப்பட்டது.

6. மறுதரப்பின் வாதம்

பிபிசியின் நிலைப்பாட்டை இரக்கமின்மை என்று ஒதுக்கிவிடுவது ஆய்வு நேர்மைக்கு உகந்ததன்று. அதன் வலுவான வடிவம் இது: அமைச்சர்களும் ஆர்ப்பாட்டக்காரர்களும் கேட்டுக்கொண்டதால் ஒளிபரப்பாளர் தம் முடிவை மாற்றினால், நாளை வேறோர் அமைச்சரும் வேறொரு கூட்டமும் வேறொன்றைக் கேட்கும்போது மறுக்க அடிப்படை இராது. பிபிசி அறக்கட்டளையின் தலைவர் மைக்கேல் லயன்ஸ், அரசியல்வாதிகள் சிலரின் பேச்சு தகாத தலையீட்டை நெருங்குவதாகக் கவலை தெரிவித்தார். உலகெங்கும் பொது ஒலிபரப்பு நிறுவனங்கள் அரசின் ஊதுகுழலாவதைக் கண்டவர்கள் இக்கவலையை எள்ளி நகையாட முடியாது.

ஆனால் இவ்வாதத்தில் ஓர் இடைவெளி உள்ளது. வெளி அழுத்தத்துக்கு இணங்கலாகாது என்பது முடிவை மாற்றாமைக்குக் காரணமாகலாம். முதல் முடிவு சரியானது என்பதற்குச் சான்றாகாது. மேலும், ஒளிபரப்பாமை என்பது வெற்றிடம் ஆகாது. ஒவ்வொரு பேரிடருக்கும் வேண்டுகோளை ஒளிபரப்பும் வழக்கமுடைய நிறுவனம் ஒன்றில் மட்டும் விலகினால், அவ்விலகலையே பார்வையாளர் ஒரு கூற்றாகப் படிப்பர். வழக்கம் நிலைபெற்ற இடத்தில் மௌனத்துக்கும் பொருள் உண்டு. 2009 பிப்ரவரி 19 அன்று பிபிசி அறக்கட்டளை, தலைமை இயக்குநரின் முடிவு நியாயமான எல்லைக்குள் அமைந்ததே என்று தீர்ப்பளித்தது. அறக்கட்டளை ஆராய்ந்தது, அம்முடிவை எடுக்க அவருக்கு இடமிருந்ததா என்பதை. அமர்ந்தவர்கள் கேட்டது, அம்முடிவு தகுமா என்பதை.

7. விளைவுகள்

உடனடி நோக்கத்தில் போராட்டம் தோற்றது. 2009இல் பிபிசி அவ்வேண்டுகோளை ஒளிபரப்பவே இல்லை. ஆயினும் வேண்டுகோளுக்கு 83 லட்சம் பவுண்டு திரண்டது. கொசோவோவுக்குத் திரண்ட 5.3 கோடி பவுண்டோடு ஒப்பிட்டால் இது சிறு தொகை. பிபிசியின் மறுப்பு எவ்வளவைக் குறைத்தது, அதனால் எழுந்த விவாதம் எவ்வளவைக் கூட்டியது என்று பிரித்தளக்க இயலாது.

இரண்டாவது விளைவு பல்கலைக்கழகங்களில் தெரிந்தது. ஜனவரி மத்தியில் லண்டனின் எஸ்ஓஏஎஸ் கல்லூரியில் தொடங்கிய மாணவர் உள்ளிருப்புப் போராட்டம், சில வாரங்களில் 20க்கும் மேற்பட்ட வளாகங்களுக்குப் பரவியது. பாலஸ்தீன மாணவர்க்கு உதவித்தொகை, ஆயுத நிறுவனங்களிலுள்ள முதலீட்டை விலக்கல் ஆகியவற்றோடு, டிஇசி வேண்டுகோளை வளாகத்தில் திரையிடவேண்டும் என்பதும் சில இடங்களில் கோரிக்கையாயிற்று. தேசிய ஒலிபரப்பாளர் மறுத்ததை ஒரு விரிவுரைக் கூடம் ஏற்கவேண்டும் என்னும் இக்கோரிக்கை, பொதுவெளி என்பது ஒரு நிறுவனத்தோடு முடிவதில்லை என்பதை உணர்த்தியது.

மூன்றாவது விளைவு ஐந்தாண்டுகள் கழித்து வந்தது. 2014 ஆகஸ்ட் 8 அன்று காஸாவுக்கான புதிய டிஇசி வேண்டுகோளைப் பிபிசி ஒளிபரப்பியது. அப்போது டோனி ஹால் தலைமை இயக்குநர். 2009இல் வேண்டுகோள் வந்தபோது போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்திருந்தது. 2014இல் நிலையான போர்நிறுத்தம் ஆகஸ்ட் 26 அன்றே ஏற்பட்டது. முடிவுறாத செய்தி என்பதால் ஒளிபரப்பவியலாது என்னும் 2009இன் காரணம், அதைவிடக் கொந்தளிப்பான சூழலில் கைவிடப்பட்டது. இது போராட்டத்தின் நேரடி வெற்றி எனக் கூறச் சான்றில்லை. ஆனால் இரண்டாம் முறை மறுப்பதன் விலை என்னவென்பதை நிறுவனம் அறிந்திருந்தது என்று கொள்வதில் தவறில்லை. 2024 அக்டோபரில் மத்திய கிழக்குக்கான வேண்டுகோளையும் அது ஒளிபரப்பியது.

8. ஒரு குறிப்பு

இவ்வரலாற்றைப் பயிலும் தமிழ் மாணவர் அதே ஆண்டின் மற்றொரு நிகழ்வையும் உடன்வைத்து நோக்கவேண்டும். 2009 ஏப்ரல் 6 முதல் லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தில் பிரிட்டன்வாழ் ஈழத்தமிழர் இரு மாதங்களுக்கும் மேலாக அமர்ந்து போராடினர். வன்னியில் சிக்கிய மக்களுக்காக டிஇசி வேண்டுகோள் எதுவும் விடுக்கப்படவில்லை. 2008 செப்டம்பரிலேயே ஐ.நா. முகமைகளும் பெரும்பாலான உதவி நிறுவனங்களும் இலங்கை அரசின் ஆணைப்படி வன்னியை விட்டு வெளியேற நேர்ந்தது. உதவியைக் கொண்டு சேர்க்க இயலவேண்டும் என்னும் அளவுகோல் இருக்குமிடத்தில், வழியை அடைப்பவரே வேண்டுகோளையும் தடுக்கும் ஆற்றல் பெறுகிறார். காஸாவில் வேண்டுகோள் எழுந்து திரையில் மறுக்கப்பட்டது. வன்னியைப் பொறுத்தவரை, மறுப்பதற்குக்கூட ஒரு வேண்டுகோள் எழவில்லை. மனிதநேய உதவியின் அரசியலை ஆராய்வோர் ஒளிபரப்பாளரின் வாயிலோடு நின்றுவிடாமல், அவ்வாயிலை எட்டுமுன்னரே சில துயரங்கள் எவ்வாறு வடிகட்டப்படுகின்றன என்பதையும் ஆராயவேண்டும்.

கிளாஸ்கோவிலும் லண்டனிலும் அமர்ந்தவர்கள் சில மணி நேரங்களில் எழுந்து சென்றனர். ஒளிபரப்பு அட்டவணை மாறவில்லை. ஆயினும், பிறர் துயரைத் திரையில் காட்டி உதவி கேட்பது பக்கச்சார்பா, காட்டாமல் விடுவது பக்கச்சார்பா என்னும் கேள்வியை அவர்கள் ஒரு நிறுவனத்தின் வாயிலுக்குள்ளேயே கொண்டுசென்றனர். அடுத்த முறை வேண்டுகோள் வந்தபோது, அந்நிறுவனம் தன் விடையை மாற்றிக்கொண்டது.